விசில் அக்காவின் முகம்

"உங்க ஊர்ல போலீஸ்காரங்க எல்லாரும் இனிமே முகத்தை மூடிக்கிட்டுத்தான் வேலை பார்க்கணுமாம். மாட்டேன்னு சொன்னா வீட்டுக்கு அனுப்பிடறாங்களாம்."

இதை எனக்குச் சொன்னவர் என் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர். அவருக்குச் சொன்னது அவர் மனைவி. மனைவிக்குச் சொன்னது அவருடைய சித்தி மகள். அந்தச் சித்தி மகள் எங்கே கேட்டாள் என்பது கடவுளுக்கே வெளிச்சம். ஆனால் வெளிநாட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஊர்ச் செய்தி எந்தச் சந்து வழியாக வந்தாலும் செய்திதான். சொந்த அக்காவே போலீஸ் என்றால் கேட்கவே வேண்டாம். குடித்துக்கொண்டிருந்த காபியை அப்படியே வைத்துவிட்டு அவளுக்குப் போன் போட்டேன்.

எடுக்கவில்லை. அது புதிதில்லை. "நான் எடுக்கலன்னா வாயில விசில் இருக்குன்னு அர்த்தம். செத்துப் போயிட்டேன்னு அர்த்தம் இல்ல. சும்மா சும்மா அத்தானுக்குப் போன் பண்ணி அவரையும் பதற வைக்காதே" என்று பல தடவை சொல்லியிருக்கிறாள். நான் அத்தானுக்குப் போன் பண்ணினேன். அவர் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர். யாருடைய கன்னத்திலோ நுரை காய்ந்துகொண்டிருக்க, "அவ நல்லாத்தான் இருக்கா மாப்ள, இங்க ஒருத்தர் பாதி மீசையோட உட்கார்ந்திருக்கார், வச்சிடறேன்" என்றார்.

மதியம் அக்காவே கூப்பிட்டாள்.

"யாருடா உனக்குச் சொன்னது?"

"ஆபீஸ்ல ஒருத்தரோட பொண்டாட்டிக்கு சித்தி பொண்ணு."

"அடேயப்பா! அந்தப் பொண்ணை இங்க கமிஷனரா போடலாம்டா. எங்களுக்கே நேத்துதான் தெரியும்."

"அப்போ உண்மையா?"

"பாதி உண்மை. கூட்டம் கூடற இடத்துல மட்டும்தான் மாஸ்க். அதுவும் விருப்பப்பட்டவங்க போட்டுக்கலாம்னு சொல்லியிருக்காங்க."

"நீ விருப்பப்படு," என்றேன்.

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

என் அக்காவைப் பற்றி எழுத வேண்டுமானால் விசிலிலிருந்துதான் தொடங்க வேண்டும். எங்கள் அப்பா பஸ் கண்டக்டர். அவர் குளிக்கப் போகும் நேரத்தில் அவருடைய விசிலை எடுத்து ஊதி, தெருவில் போகிற வண்டிகளையெல்லாம் நிறுத்திப் பார்ப்பாள் இவள். அவளை டீச்சராக்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. "டீச்சர் வேலைக்குப் பொறுமை வேணும்ப்பா, என்கிட்ட இருக்கறது மூச்சு மட்டும்தான்" என்று சொல்லிவிட்டுப் போலீஸ் தேர்வுக்கு ஓடினாள். பயிற்சி முடிந்ததும் நாலு ரோடு முனையில் நிறுத்தினார்கள். இன்றுவரை அங்கேதான் நிற்கிறாள். ஒரு பக்கம் பள்ளிக்கூடம், ஒரு பக்கம் ஆஸ்பத்திரி, ஒரு பக்கம் கடைத்தெரு, நாலாவது பக்கம் நூல் ஆலைக்குப் போகிற ரோடு. அங்கே சிக்னல் விளக்கு ஒன்று உண்டு. மழை வந்தால் அணையும், வெயில் வந்தால் மூன்று நிறமும் சேர்ந்து எரியும். அதனால் சிக்னல் என்றால் அக்காதான். முனையில் யாருக்கும் அவள் பெயர் தெரியாது. விசில் அக்கா என்றால் லாரிக்காரனுக்கும் தெரியும்.

அவளுக்கென்று ஒரு முறை உண்டு. எடுத்தவுடன் கையை நீட்டமாட்டாள். வருகிற வண்டிக்காரனின் முகத்தையே பார்ப்பாள். அவனும் இவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் உள்ளங்கை எழும்பும். "கண்ணு கண்ணைப் பார்த்துட்டா பிரேக் தானா விழும்டா" என்பாள். யாரையாவது திட்ட வேண்டியிருந்தால் முதலில் தொப்பியை மேலே தள்ளிவிட்டுக்கொள்வாள், தன் முகம் முழுசாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. பிறகுதான் கேட்பாள்: "என்னய்யா, வீட்டுல சொல்லிட்டு வந்துட்டியா, திரும்ப வர மாட்டேன்னு?"

இப்படிப்பட்டவளை முகத்தை மூடச் சொன்னதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. கடைத்தெருவில் ஒரு தள்ளுமுள்ளு. அதில் தடியை ஓங்கிய ஒரு கான்ஸ்டபிளின் படம் ஊர் முழுக்கப் போன் போனாகச் சுற்றியது. படத்தின் கீழே வீட்டு விலாசத்தையும் யாரோ எழுதிவிட்டார்கள். விலாசம் வேறொரு போலீஸ்காரருடையது. அன்றைக்கு அவர் கடைத்தெருப் பக்கமே போகவில்லை. அவர் வீட்டு ஜன்னலில் ஒரு கண்ணாடிகூட மிஞ்சவில்லை. இதை அக்காவே சொன்னாள். சொன்னதோடு விட்டிருக்கலாம். "அவர் பையன் பள்ளிக்கூடத்துக்கே போகலடா" என்றும் சேர்த்தாள். அக்காவுக்கும் பள்ளிக்கூடம் போகிற மகள் ஒருத்தி இருக்கிறாள்.

நான் சும்மா இருப்பேனா? இங்கே கிடைப்பதிலேயே நல்ல துணியில், மூச்சு முட்டாத முகமூடிகளாகப் பார்த்து வாங்கி, அவசரப் பார்சலில் அனுப்பினேன். ஒன்றை மகள் சைக்கிள் ஓட்டப் போட்டுக்கொண்டாள். இன்னொன்றை அத்தான், கடையில் முடி கூட்டும்போது மூக்கில் கட்டிக்கொண்டார். "பிரமாதமான சரக்கு மாப்ள, தும்மலே இல்ல" என்று நன்றி வேறு சொன்னார். மிச்சம் ஒன்றை அக்கா வைத்துக்கொண்டாள்.

நூல் ஆலையை ஒரு நாள் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் பூட்டிவிட்டார்கள். வேலைக்கு வந்தவர்கள் கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். நிலையத்தில் இருந்தவர்களை எல்லாம் அங்கே அனுப்பினார் இன்ஸ்பெக்டர். அக்காவும் போனாள், நான் அனுப்பிய முகமூடியோடு.

போகிற வழியில் முனை டீக்கடைக்காரர் கேட்டாராம், "என்னக்கா, பல்லு வலியா?"

நடையை வைத்தே அவர் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் கேட்டில் வரிசையாக நின்ற பிறகு யாருக்கும் யாரையும் தெரியவில்லை. தொப்பிக்கும் கறுப்புத் துணிக்கும் நடுவில் ஒரு வரிசைக் கண்கள், அவ்வளவுதான். வெயில் ஏறியது. யாரோ பின்னாலிருந்து தள்ள, முன்னால் இருந்தவர்கள் போலீஸ்மேல் வந்து விழுந்தார்கள். அக்கா விசிலை எடுத்து, பழக்கத்தில் அப்படியே வாய்க்குக் கொண்டுபோனாள். துணி தடுத்தது. மடக்கிய குடை ஒன்றின் நுனி அவள் விலாவில் குத்தியது. கோபத்தில் ஒரு கையால் குடைக்குச் சொந்தக்காரியைப் பிடித்துத் தள்ளிவிட்டு, மறு கையால் தடியை ஓங்கிவிட்டாள்.

கீழே விழுந்த பெண் தலையைக் கைகளால் மூடிக்கொண்டு கத்தினாள்: "வேணாம் சார்! அடிக்காதீங்க சார்!"

அது சிவப்புக் குடைக்காரி. ஆலையில் நூல் சுற்றுகிறவள். தினமும் காலையில் மகளைப் பள்ளிக்கூடத்தில் விட, அக்கா கை காட்டிய பிறகு முனையைக் கடக்கிறவள். மழை நாளில் நின்று, "நனையாதீங்கக்கா" என்று அக்காவின் தலைக்கு மேலும் குடையைப் பிடித்தவள்.

"என்னை சார்னு கூப்பிட்டாடா," என்றாள் அக்கா அன்று மாலை போனில். "தடியைக் கீழே போட்டுட்டேன். ஆனா துணியை இறக்கி, நான்தாம்மான்னு சொல்ல வாய் வரல."

"தெரியாமத்தானே அக்கா..."

"அவளுக்கு என்னைத் தெரியல, சரி. எனக்கு அவளைத் தெரியணும் இல்ல? துணி என் முகத்துலதானே இருந்துச்சு, கண்ணுல இல்லையே."



மறுநாள் காலை குடைக்காரி மகளோடு முனைக்கு வந்தாள். குடையின் ஒரு கம்பி வளைந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"பார்த்தீங்களாக்கா? நேத்து கேட்ல ஒரு போலீஸ்காரன் தள்ளி விட்டதுல இப்படி ஆயிடுச்சு. முகத்தைப் பார்த்து நாலு வார்த்தை கேட்கலாம்னா, மூஞ்சியே இல்ல அவனுக்கு. நீங்க அங்க இருந்திருந்தா விட்டிருப்பீங்களா?"

நான்கு பக்கமும் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. அக்கா தொப்பியை மேலே தள்ளினாள்.

"அது நான்தாம்மா."

குடைக்காரி சிரித்தாள். விசில் அக்காவின் கேலி ஊரறிந்தது. பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே வடிந்தது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, அக்காவின் கையைப் பார்க்காமலேயே ரோட்டைக் கடந்து போய்விட்டாள். அடுத்த நாளிலிருந்து ஆஸ்பத்திரிப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனாள்.

அக்கா நேரே இன்ஸ்பெக்டரிடம் போனாள்.

"அடுத்த தடவை கேட் ட்யூட்டிக்கு மாஸ்க் இல்லாம நிக்கறேன் சார். சட்டையில பேர் பட்டையும் குத்திக்கறேன்."

"ஏம்மா, உனக்கு மட்டும் தனிச் சட்டமா? ஜன்னல் உடைஞ்சவன் கதை மறந்து போச்சா?"

"மறக்கல சார். செய்யாதவன் வீட்டுல கல்லு விழுந்துச்சு. செஞ்சவன் முகம் சரியாத் தெரிஞ்சிருந்தா அவருக்கு அது வந்திருக்காது இல்ல?"

இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. அந்த ஜன்னலுக்கு அட்டை ஒட்டப் போனவர்களில் அவரும் ஒருவர். வெகுநேரம் மேசைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"விருப்பப்பட்டவங்கன்னுதான் உத்தரவு. நான் தடுக்க முடியாது. ஆனா உன்னால அங்க ஏதாவது வம்பு வந்துச்சுன்னு வை, உன்னை அந்த முனையில இருந்தே தூக்கிடுவேன். உள்ளே உட்கார்ந்து ஃபைல் அடுக்கு."

இதைக் கேட்டதும் எனக்குக் காய்ச்சல் வராத குறை. அன்று நாங்கள் போட்ட சண்டை சிறு வயதில்கூடப் போட்டதில்லை. நான் ஜன்னலைச் சொன்னேன், மகளைச் சொன்னேன், அவளுக்கு உயிரான முனையைச் சொன்னேன். இந்த நாட்டுச் செய்தித்தாளில் போலீஸ் முகமூடி பற்றிப் படித்ததையெல்லாம், அவளுக்குப் புரிகிறதோ இல்லையோ, கொட்டினேன்.

"நீ படிச்சவன்டா, ரெண்டு பாஷையிலயும் பயப்படத் தெரியும். எனக்கும் பயம்தான். ஆனா அந்தத் துணிக்குள்ள எனக்கு என்னைப் பார்த்தே பயமா இருந்துச்சு. அது இதைவிட மோசம்."

பின்னாலிருந்து மகளின் குரல் கேட்டது: "மாமா, அம்மா கேட்க மாட்டாங்க, விடுங்க. அம்மா, போட்டோ எடுத்தா இடது பக்கம் தெரியற மாதிரி நில்லு, அதுலதான் நல்லா விழுவ."

அடுத்த கேட் ட்யூட்டி நாள் வந்தது. அத்தான் கடையைப் பூட்டிவிட்டு, ஆலைக்கு எதிரே ஒரு மரத்தடியில் நின்று எனக்குப் போனில் நேரடி ஒலிபரப்பு நடத்தினார்.

"எல்லாம் கறுப்புத் துணி மாப்ள. நடுவுல உங்க அக்கா மட்டும் பளிச்சுன்னு நிக்கறா. ஜனங்க அவளையேதான் பார்க்கறாங்க. குடைக்காரி முன் வரிசையில இருக்கா. குடைக்கு ஒட்டுப் போட்டிருக்கா... ஐயோ, உள்ளேயிருந்து லாரி வருது. மெஷினை ஏத்திட்டுப் போறானுங்க போல. எழுந்துட்டாங்க மாப்ள, எல்லாரும் எழுந்துட்டாங்க. போலீசும் தடியைத் தூக்குது..."

அப்போது விசில் கேட்டது. அத்தனை தூரத்திலிருந்து, அத்தான் காதிலிருந்த போன் வழியாக, என் காதைக் கிழித்தது. அப்பா பஸ்ஸை நிறுத்த ஊதும் அந்த நீண்ட ஒற்றை விசில்.

"அத்தான்? அத்தான்! என்ன ஆச்சு?"

மரத்தில் காக்கை கரைவது மட்டும் கேட்டது. பிறகு அவர் சிரிக்கிற சத்தம்.

"நின்னுட்டாங்க மாப்ள! ஒரு கை லாரிக்கு, ஒரு கை ஜனங்களுக்கு. முனையில நிக்கற மாதிரியே நிக்கறா. எல்லாரும் பழக்க தோஷத்துல அப்படியே நின்னுட்டாங்க. போலீசும் நின்னுடுச்சு, அதான் வேடிக்கை! ஒருத்தன் கத்தறான், 'அக்கா சிவப்புப் போட்டாச்சு, யாரும் தாண்டாதீங்கப்பா'ன்னு."

லாரி பின்னால் போனது. மேனேஜர் வெளியே வந்தார். உங்களில் சில பேர் உள்ளே வாங்க, பேசலாம் என்றார். உள்ளே போகிறவர்களில் குடைக்காரியும் இருந்தாள். அவள் போலீஸ் வரிசைக்கு முன்னால் வந்து நின்றுவிட்டாள் என்றார் அத்தான். அக்காவின் முகத்தைப் பார்த்தாளாம். பிறகு கையைப் பார்த்தாளாம். அக்கா ரோட்டைக் கடக்கச் சொல்வதுபோலக் கையை மெல்ல வீசினாள். குடைக்காரி கடந்து போனாள். அதற்குள் வரிசையில் இரண்டு பேருடைய கறுப்புத் துணி தாடைக்கு இறங்கியிருந்தது. வெயில் அதிகம் என்று அவர்கள் சொல்லிக்கொண்டார்களாம்.

ஆலை இன்னும் திறக்கவில்லை. பேச்சு நடக்கிறது என்கிறார்கள். இன்ஸ்பெக்டர் அன்று அக்காவிடம் "நாளைக்குக் காலையில வந்து என்னைப் பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார்.

இன்று காலை பக்கத்து மேசைக்காரர் தன் போனை என் முன்னால் நீட்டினார். "இது உங்க ஊர்தானே? பொண்டாட்டியோட சித்தி பொண்ணு அனுப்பியிருக்கா." படத்தில் அக்கா. கன்னம் இரண்டும் உப்பி, கண்கள் விரிந்து, வாயில் விசிலோடு, முகம் முழுசாக. மகள் சொன்ன இடது பக்கம் இல்லை. கீழே யாரோ கேட்டிருந்தார்கள்: யார் இந்தப் போலீஸ்?  விலாசம் வந்திருக்குமோ என்று பதில்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். விலாசம் என்று யாரும் எழுதவில்லை. நாலு ரோடு முனை என்று மட்டும் ஒருவர் எழுதியிருந்தார். எங்க விசில் அக்கா என்று பலர் எழுதியிருந்தார்கள். என் பொண்ணைத் தினமும் ரோடு கடக்க விடறவங்க என்று ஒன்று இருந்தது. பெயர் இல்லை, சிவப்புக் குடை ஒன்றின் சிறிய படம் மட்டும்.

அத்தானிடம் கேட்டேன். "ஸ்டேஷனுக்குப் போயிட்டா மாப்ள, என்ன சொன்னாங்கன்னு தெரியல. ஆனா விசிலை எடுத்துக்கிட்டுத்தான் போனா" என்றார். ஃபைல் அடுக்குகிறவளுக்கு விசில் எதற்கு?

அக்காவுக்குப் போன் போட்டிருக்கிறேன். மணி அடிக்கிறது. அவள் எடுக்கவில்லை. மற்ற நாளாக இருந்தால் இந்நேரம் எழுந்து நடக்க ஆரம்பித்திருப்பேன். இன்று உட்கார்ந்தே இருக்கிறேன். எடுக்காதே அக்கா, எடுக்காதே என்று வேண்டிக்கொண்டு, காதில் போனை அழுத்திப் பிடித்திருக்கிறேன். மணி இன்னும் அடித்துக்கொண்டே இருக்கிறது.