குரல் தம்பி வீட்டில், தபேலா அண்ணன் வீட்டில்

ஸ்பீக்கர் மாட்டும் தொழிலில் சத்தம் வரவைப்பது சுலபம், வீட்டுக்காரர்களைத் திருப்திப்படுத்துவதுதான் கஷ்டம். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் எனக்கு ஒரு சின்ன ஆடியோ கடை. வயரும் டெஸ்டரும் கையுமாக ஊர் ஊராக அலையும் என் இனத்தாரே, திருப்புலிவனத்தில் ஒரே வீட்டில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

தூக்கிப் பார்த்து வாங்கியது

மாணிக்கம் என்ற விவசாயி ரிசீவர் வாங்க வந்தார். ஸ்பீக்கருக்குப் பாட்டை அனுப்புகிற பெட்டி அதுதான். வாட்ஸ், புளூடூத் என்று வாய் வலிக்கச் சொன்னேன். மனுஷன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பூசணிக்காய் வாங்குவதுபோல ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். எரிச்சல் என்னவென்றால், அவர் எடுத்ததுதான் கடையிலேயே நல்ல பெட்டி. "லேசா கீறதெல்லாம் காத்தடிச்சா பூடும்பா. இத்தயே கட்டு."

சுவருக்கு இரண்டு பக்கம்

சாமானோடு போனால், கூடத்தின் நடுவே புதுச் சுவர். மாணிக்கத்தின் மகன்கள் இருவரும் போன தையில் பாகம் பிரித்துக்கொண்டு, பேச்சையும் நிறுத்திவிட்டார்களாம். ரிசீவரும் ஒரு ஸ்பீக்கரும் பெரியவன் பக்கம், சுவரில் துளை போட்டு இன்னொரு ஸ்பீக்கர் சின்னவன் பக்கம் என்றார் மாணிக்கம்.

"ஐயா, இது ஜோடி. பாட்டில் பாதி இதில் வரும், பாதி அதில் வரும். பிரிக்கக் கூடாது" என்று கெஞ்சினேன். அவர் துளை போடும் இடத்தைக் காட்டிக்கொண்டே சொன்னார்: "பெத்தது ரெண்டு, டப்பாவும் ரெண்டு. ரெண்டயும் ஒருத்தனுக்கே குடுத்தா இன்னொருத்தன் எனக்கு சோறு போடுவானா?"

மானம் போன நாள்

அடுத்த வாரமே சின்னவன் ரவி கடைக்கு வந்துவிட்டான். சில பழைய ஸ்டீரியோ பாட்டுகளில் குரல் ஒரு பக்கமும் வாத்தியம் மறுபக்கமும் வரும். அந்த மாதிரிப் பாட்டாகத்தான் அந்த வீட்டில் போடுகிறார்கள், என் நேரம். கடையில் வேறு ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் எதிரிலேயே ரவி கத்தினான்: "இன்னாண்ணா மாட்டிகீற? பாடுறவரு எங்க வூட்ல கீறாரு, தபேலா அடிக்கிறவரு எங்க அண்ணன் வூட்ல கீறாரு!"

அழுத்தாத பொத்தான்

இதற்கு மருந்து மோனோ பொத்தான். அழுத்தினால் முழுப் பாட்டும் இரண்டு பக்கமும் வரும். வேலை நெருக்கடியில் சில நாள் கழித்துத்தான் போக முடிந்தது. பெரியவன் மனைவி விஜயா மட்டும் வீட்டில் இருந்தாள். விஷயத்தைச் சொல்லிப் பொத்தானில் விரலை வைத்தேன். ஓடி வந்து ரிசீவருக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

"அத்த தொடாதண்ணா! தபேலா கேக்கறேன்னு சாக்கு சொல்லிக்கினு என் கொய்ந்தனாரு தெனம் இங்க வந்து குந்திக்கினு கீறாரு. நேத்து எங்க வூட்டுக்காரரு அவரப் பாத்து, 'நாஷ்டா துன்னியாடா'ன்னு கேட்டுட்டாரு."

பொத்தானிலிருந்து விரலை எடுத்தேன். டெஸ்டரைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஆக, ஸ்பீக்கர் மாட்டத் தெரியாதவன் என்று திருப்புலிவனம் முழுக்க என் பேர் நாறுகிறது, நானும் அதைக் கெடுக்காமல் காப்பாற்றி வருகிறேன்.