அலையும் பாதம்

எசன் ரயில் நிலையத்தின் பின்வாசலில், சைக்கிள்கள் நிறுத்தும் சுவரோரம், யாரோ ஒருவர் பல நிறத் துணிகள் சேர்த்துத் தைத்த போர்வை ஒன்றால் தலை வரை மூடிக்கொண்டு படுத்திருந்தார். பின்னேரமே இருண்டுவிடுகிற மார்கழி மாதம். என் மச்சாள், அண்ணாவின் மனைவி, கையிலிருந்த பையை என்னிடம் தந்துவிட்டு அந்தப் போர்வைக்கு முன்னால் குந்தினார். அதன் ஓரத்தை இரண்டு விரல்களால் மெல்லத் தூக்கினார். முகத்தைப் பார்க்கமுன் தையலைத்தான் பார்த்தார். உள்ளே இருந்தது ஒரு வயதான ஜெர்மன் பெண். அவர் திடுக்கிட்டு எழும்பிக் கத்தத் தொடங்க, மச்சாள் ஜெர்மனில் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பின்வாங்கினார். பிறகு என் பக்கம் திரும்பி, கடையில் துணி பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்பவரைப் போன்ற குரலில், "எங்கடை இல்லை" என்றார்.

அந்த இலையுதிர் காலத்தில்தான் அவருடைய ஒரே மகன் வீட்டை விட்டுப் போயிருந்தான். போகும்போது முதுகுப்பையோடு, அவர் தைத்துக் கொடுத்த போர்வையையும் கொண்டுபோனான். அதனால் நாங்கள் ஊர் ஊராகப் போய் அவனை மட்டுமல்ல, அந்தப் போர்வையையும் தேடிக்கொண்டிருந்தோம்.

மச்சாள் வுப்பர்டாலில் திரைச்சீலை தைக்கும் ஒரு சிறிய பட்டறையில் வேலை செய்தார். வெட்டி மிஞ்சும் துண்டுகளைக் குப்பையில் போட அவருக்கு மனம் வராது. பை பையாக வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலுக்குக் கீழே அடைத்து வைப்பார். அண்ணா பகிடி பண்ணுவார். அந்தத் துண்டுகளுக்கு ஒரு வழி காட்டியது எங்கள் தெருவிலிருந்த தேவாலய மண்டபத்தில் நடந்த தையல் வகுப்பு. துண்டுத் துணிகளை முக்கோணமும் சதுரமுமாக வெட்டி, பூட்டித் தைத்து, நடுவில் பஞ்சு வைத்துப் போர்வையாக்கும் வேலை. நடத்தியவர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியை. இளம் மனைவியாகக் கொஞ்சக் காலம் அமெரிக்காவில் இருந்தபோது அங்குள்ள பெண்களிடம் பழகியதாம். முதியோர் இல்லத்தில் எனக்கு வேலை இல்லாத கிழமைகளில் நானும் மச்சாளோடு போய் ஒரு மூலையில் இருப்பேன். எனக்குத் தையல் வராது. கதை கேட்கப் பிடிக்கும்.

ஆசிரியை ஒவ்வொரு மாதிரியையும் அதன் பெயர்க் கதையோடுதான் படிப்பிப்பார். நீட்டுத் துண்டுகளை ஒரு சிறு சதுரத்தைச் சுற்றி அடுக்கினால் அது மரக்குடில். துண்டுகள் குடிலின் மரங்கள், நடுவிலே வைக்கிற சிவப்புச் சதுரம் அடுப்பு நெருப்பு. வளைந்து வளைந்து, நேராகவே போகாமல் தள்ளாடுகிற மாதிரிக்குப் பெயர் குடிகாரன் பாதை. கரடிகள் திரிந்த காட்டோரத்தில் கரடிப் பாதம் என்றழைத்த அதே மாதிரியை, கடற்கரைப் பக்கத்துப் பெண்கள் சேற்றில் பதிந்த வாத்துக்கால் என்றார்களாம். வேறொரு நகரத்தில், சண்டை சச்சரவு வேண்டாமென்று வாழ்ந்த ஒரு சமயக் கூட்டத்தார் அதையே நட்பின் கை என்றார்களாம். கண்ட கண்ட இடத்தில் கண்டதைச் சொல்லி வைத்த பெயர்கள். மச்சாளுக்கு இந்தக் கதைகளில் ஒரு சந்தோசம். "எங்கடை ஆக்கள் சீலைக் கரைக்குப் பேர் வைக்கிற மாதிரித்தான்" என்று என் காதுக்குள் சொல்லிச் சிரிப்பார்.

மகனுக்குத் தைத்த போர்வை வகுப்பில் தைத்ததல்ல. கோடை விடுமுறையில், பழைய சஞ்சிகை ஒன்றிலிருந்து கிழிந்து வந்த ஒரு பக்கத்துப் படத்தைப் பார்த்து வீட்டிலிருந்து தைத்தது. நடுவிலிருந்து நான்கு மூலைக்கும் மூன்று மூன்று விரல்களாக விரிகிற பச்சை இலைகள். பெயர் கிழிந்த பாதியில் போயிருக்க வேண்டும். மச்சாள் அதைப் பூவும் இலையும் என்று சொல்லிக்கொண்டார். மகனுடைய பதினெட்டாவது பிறந்தநாளுக்குக் கொடுத்தார். அவன் வெட்கத்தோடு வாங்கிக்கொண்டான். அதன் பிறகு வந்த குளிர்காலமெல்லாம் வேறு போர்வை தேடவில்லை.

அவன் கெட்ட பிள்ளை இல்லை. இயந்திரத் தொழில் படிக்கச் சேர்ந்த அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டான். விட்டதை மறைத்து, கொஞ்சக் காலம் காலையில் வெளிக்கிட்டுப் போய் எங்கேயோ இருந்துவிட்டு வந்தான். சாப்பாடு குறைந்தது. அறைக் கதவு பூட்டியே கிடந்தது. அண்ணாவுக்கு விசயம் தெரிய வந்த அன்று பெரிய சண்டை. அகதியாக வந்து, பனியிலே நடந்துபோய்த் தட்டுக் கழுவி வளர்த்த கதையையெல்லாம் அண்ணா கொட்டினார். கடைசியில், "படிப்பு முடிக்காமல் இந்த வாசலை மிதிக்காதை" என்றார். எத்தனையோ தகப்பன்மார் கோபத்தில் சொல்லுகிற சொல். அவன் அதை அப்படியே எடுத்துக்கொண்டான். மறுநாள் அண்ணாவும் மச்சாளும் வேலைக்குப் போன நேரத்தில் போய்விட்டான். கணினி மேசையிலேயே இருந்தது. கைத்தொலைபேசியும் இருந்தது. கட்டில் வெறுமையாக இருந்தது.

போலீசில் முதலில் அக்கறை எடுக்கவில்லை. வயது வந்தவர், விரும்பிய இடத்துக்குப் போகலாம் என்றார்கள். அவன் சாப்பிடாமல் கிடந்ததை, யாரோடும் பேசாமல் இருந்ததை நான் விவரமாகச் சொன்ன பிறகுதான் முறைப்பாட்டை எழுதினார்கள். அதன் பிறகு ஒன்றும் வரவில்லை. மச்சாள் வேலைக்குப் போவதை நிறுத்தினார். நாலு பேரைக் கண்டால் மனம் ஆறும் என்று நினைத்து, நான்தான் அவரைத் திரும்பவும் தையல் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அன்று எல்லோரும் தாங்கள் வீட்டில் தைத்தவற்றின் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். மச்சாளின் கைத்தொலைபேசியில் அந்தப் போர்வையின் படம் இருந்தது. ஆசிரியைக்கு மகன் போன விசயம் தெரியாது. படத்தைக் கண்டதும் அவருடைய முகம் மலர்ந்தது.

"இதை நீங்களா தைத்தீர்கள்? எவ்வளவு நேர்த்தி! இதற்கு ஒரு கதை உண்டு. பழைய பெயர் அலையும் பாதம். இதைப் போர்த்திப் படுக்கும் பிள்ளை வீடு தங்காது, அலைந்து திரியும் என்று அந்தக் காலத்துப் பெண்கள் நம்பினார்கள். மகன்களுடைய கட்டிலில் இதை விரிக்கவே மாட்டார்களாம். பிறகு யாரோ கெட்டிக்காரி வான்கோழித் தடம் என்று பெயரை மாற்றிவிட்டாள். அதோடு பயமும் போய்விட்டது."

மற்றப் பெண்கள் சிரித்தார்கள். மச்சாள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன்னுடைய திருத்தமான, மெதுவான ஜெர்மனில் கேட்டார்.

"பெயரை மாற்றின பிறகு, போன பிள்ளைகள் திரும்பி வந்தார்களா?"

ஆசிரியையும் சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். நான் விசயத்தைச் சொன்னேன். அவர் மச்சாளின் கையைப் பிடித்துக்கொண்டு, அது வெறும் கதை, வெறும் கதை என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். பாவம், அவருக்கும் வேறு என்ன சொல்லத் தெரியும்.

திரும்பும்போது, ஆற்றுக்கு மேலாகவே ஓடுகிற தொங்கு ரயிலில், மச்சாள் கீழே தண்ணீரைப் பார்த்தபடி இருந்தார்.

"தெரிஞ்சிருந்தால் தைச்சிருக்க மாட்டன்."

"மச்சாள், அது ஆரோ அமெரிக்காக்காரரின்ரை கதை. அதை நம்பிறீங்களே?"

"அவையும் தாய்மார்தானே" என்றார்.

"எல்லாத்தையும் விட்டிட்டு அதை மட்டும் கொண்டு போயிருக்கிறான். நீங்கள் தைச்சது எண்டபடியால்தானே?"

"அதுதான் பயமாக் கிடக்கு. போற இடமெல்லாம் அதைத்தானே போர்ப்பான்."

அதற்குப் பிறகுதான் ரயில் நிலையங்கள் தொடங்கின. எசன், கொலோன், டோர்ட்முண்ட். ஒரு தடவை ஸ்டுட்கார்ட் வரை போனோம். பாலங்களுக்குக் கீழே, இலவசச் சூப் கொடுக்கும் இடங்களில், மச்சாள் மனிதர்களை விட்டுவிட்டு அவர்கள் போர்த்தியிருப்பதைப் பார்த்துக்கொண்டு நடந்தார். கண்டால் என்ன செய்வீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். "அவனைக் கூப்பிட மாட்டன். அவன் வரட்டும், விடட்டும். அதை மட்டும் வாங்கிக்கொண்டு வேறை ஒண்டு குடுப்பன்" என்றார். அதற்காகவே ஒரு புதுக் கம்பளியை எப்போதும் பையில் வைத்திருந்தார். எசனில் அவர் என்னிடம் தந்த பையிலும் அதுதான் இருந்தது. ஊரில் அவருடைய தமையன் ஒரு காலை சைக்கிளில் போனவர் திரும்பி வரவேயில்லை. அவரைத் தேடி இராணுவ முகாம் முகாமாகத் தாய் ஏறி இறங்கியபோது, சிறுமியாக இருந்த மச்சாள்தான் கூடப் போனவர். இங்கே பாலங்களுக்குக் கீழே அவர் நடந்த நடையில் அந்தப் பழக்கம் இருந்தது. எனக்கு அதைப் பார்க்க ஏலாமல் இருந்தது.

மாசி முடிகிற நேரம் போலீசிலிருந்து அழைத்தார்கள். அண்ணா காரிலேயே இருந்துவிட்டார். நானும் மச்சாளும் உள்ளே போனோம். மேசைக்கு அந்தப் பக்கமிருந்த பெண் அதிகாரி அன்பாகத்தான் பேசினார்.

"உங்கள் மகன் உயிரோடு இருக்கிறார். நேரில் பார்த்துப் பேசியிருக்கிறார்கள். ஆபத்து ஒன்றும் இல்லை. ஆனால் முகவரியைத் தரவேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அவர் வயது வந்தவர். எங்களால் சொல்ல முடியாது."

மச்சாள் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு கைகளை எடுத்து, "எந்த ஊர்?" என்று கேட்டார்.

"சொல்ல முடியாது."

"வடக்கா, தெற்கா?"

அதிகாரி தலையை அசைத்தார். அவருடைய கண்களும் கலங்கியிருந்தன.

வெளியே வந்து படியில் இருந்தபோது மச்சாள் சொன்னார்: "அங்கை என்ரை அண்ணை இருக்கிறாரோ இல்லையோ எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. இஞ்சை இருக்கிறான் எண்டு சொல்லிப்போட்டு, எங்கையெண்டு சொல்லினமில்லை. எது பெரிசு எண்டு எனக்குத் தெரியேல்லை." காரில் அண்ணா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு சில குளிர்காலங்கள் போய்விட்டன. அவன் வரவில்லை, எழுதவில்லை. மச்சாள் தையல் வகுப்புக்குப் போவதில்லை. பட்டறைக்கு மட்டும் திரும்பவும் போய்வருகிறார், வெட்டுத் துண்டுகளை அங்கேயே போட்டுவிட்டு. வீட்டுக்காரர் வாடகையைக் கூட்டியபோதும், வீட்டுக்குப் போக மலையேறும் படிகள் முழங்காலுக்கு ஒத்துவராதபோதும், அந்த வீட்டை விட்டு மாற இருவருக்கும் மனமில்லை. அவனுக்குத் தெரிந்த முகவரி அது ஒன்றுதான்.

போன கிழமை நான் போனபோது தொலைக்காட்சியில் காலநிலை போய்க்கொண்டிருந்தது. மச்சாளுக்கு எந்த ஊரைப் பார்ப்பதென்று தெரியாததால் வடகடல் தொடங்கித் தெற்கு மலைவரை முழுப் படத்தையும் பார்ப்பார். எங்கே குளிர் ஆகக் கூடுதலோ அங்கே அவன் இருப்பதாக எடுத்துக்கொள்வார். அன்று கிழக்கே, போலந்து எல்லைப் பக்கம் கடும் குளிர் என்று காட்டினார்கள். அவர் சால்வையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அவனட்டைப் போர்வை இருக்குத்தானே மச்சாள்" என்றேன். அந்தப் போர்வையைப் பற்றி நெடுநாளாக நாங்கள் பேசியதில்லை. சொன்ன பிறகு பயந்தேன்.

அவர் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஓம்" என்றார். "உள்ளுக்கு ரெண்டு தட்டுப் பஞ்சு வைச்சனான்."