பாய் கவிழ்த்த அண்டா

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் ஒரு பாத்திரக்கடை வாசலுக்கு மேலே, இரும்புத் தாங்கியில் ஒரு பெரிய பித்தளை அண்டா கவிழ்ந்து உட்கார்ந்திருக்கிறது. அதன் வயிற்றில் சிவப்புச் சாயத்தில் எழுதிய கடைப்பெயர் தலைகீழாகத் தெரியும். சுற்றுப்பயணிகள் கழுத்தைத் திருகிக்கொண்டு படமெடுக்கிறார்கள். ஏதோ புதுமாதிரி விளம்பரம் என்று நினைப்பு. எனக்கோ அது ஏன் கவிழ்ந்தது என்று தெரியும்.

அப்போது நான் சுகாதார ஆய்வாளர். கையில் டார்ச்சும் நீளக் காம்பு வைத்த வெள்ளை அகப்பையும் இருக்கும். தேங்கிய தண்ணீரில் கொசுப்புழு தேடுவது வேலை. என்னைக் கண்டதும் கடைக்காரர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். பாத்திரக்கடை பாய் மட்டும் வாசலுக்கே வந்து வரவேற்பார். குடம், தவலை, சொம்பு எல்லாம் வரிசையாகக் கவிழ்ந்திருக்கும். "மேடம், என் கடையில ஒரு சொட்டுத் தண்ணி காட்டுங்க, கடைய உங்க பேருக்கே எழுதித் தரேன் லா" என்பார். நானும் ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டே தோற்றுத் திரும்புவேன்.

அந்த ஆண்டு அந்தக் கடைவரிசையில் டெங்கிக் காய்ச்சல் புகுந்தது. ஒருவர் பின் ஒருவராகப் படுத்தார்கள். பக்கத்துப் பூக்கடை அக்காவின் மகளையும் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஏழு மாதக் கர்ப்பிணி. "எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிச்சிருவீங்கல்ல?" என்று அக்கா கேட்டார். "கண்டிப்பா" என்று வாய் சொல்லிவிட்டது. சாக்கடை, கூரைத் தகரம், பூ வாளி, பூந்தொட்டித் தட்டு, ஒன்றையும் விடவில்லை. எங்கும் ஒரு புழுகூட அகப்படவில்லை.

மறுவாரம் ஒரு நண்பகல், சுள்ளென்ற வெயில். பாய் கடை வாசலில் நின்று குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். காகிதத்தில் சொட்டென்று தண்ணீர் விழுந்தது. மழையே இல்லையே! அண்ணாந்து பார்த்தேன். அந்நாளில் வாய் மேலே பார்க்க நிமிர்ந்திருந்த அண்டாவின் விளிம்பில் ஒரு மைனா சிறகைச் சிலுப்பிக் குளித்துக்கொண்டிருந்தது!

"பாய், ஏணி! சீக்கிரம்!"

"அதுலயா? அது பாத்திரம் இல்ல மேடம், போர்டு லா!"

அவர் அதைப் பாத்திரமாக நினைத்ததே இல்லை. நான் மட்டும் என்னவாம்? பெயரை வாசித்துவிட்டு அதன் கீழேயே நடந்து போனவள்தானே. ஏணியில் எப்படி ஏறினேன் என்றே தெரியவில்லை. டார்ச்சை அடித்ததும் நூற்றுக்கணக்கான புழுக்கள் நெளிந்து அடிக்குப் பாய்ந்தன. "இருக்கு! இருக்கு!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். வாழ்க்கையில் எதைக் கண்டும் அப்படிக் குதூகலித்ததில்லை. அந்தக் குதூகலம், கீழே நின்ற பாயின் முகத்தைப் பார்க்கும்வரைதான்.

நான் புழுவோடு மொண்டுவந்த அகப்பையை அவர் கையில் வாங்கிக்கொண்டார். "அவங்ககிட்ட நானே சொல்றேன்" என்று பூக்கடைக்கு நடந்தார்.

"தங்கச்சி, என் அண்டாதான். எல்லாத்தையும் கவுத்தேன். இத மறந்துட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு அகப்பையை நீட்டினார்.

அக்கா அதற்குள் குனிந்து பார்த்தார். பிறகு சொன்னார்: "மொதல்ல அதக் கவுத்துட்டு வாங்க பாய். அழுகைய அப்புறம் பாத்துக்கலாம்."

புழுவைக் கொல்லும் மருந்தை நான் ஊற்றிய பிறகு, பாயே ஏறி அண்டாவைக் கவிழ்த்தார். தண்ணீர் தடதடவென்று கொட்டியபோது தெருவே கைதட்டியது. சட்டப்படி அவருக்கு நோட்டீஸும் கொடுத்தேன். இரு கையாலும் வாங்கிக்கொண்டார். சில வாரங்களில் புதிய காய்ச்சல் நின்றது. அக்காவின் மகள் பிழைத்து வந்தாள். மாதம் நிறைந்து பெண் குழந்தை பிறந்ததாகச் செய்தி வந்த அன்று, பாய் என்னைக் கைப்பேசியில் கூப்பிட்டு ஏதேதோ சொன்னார். எனக்கும் அழுகை வந்ததால் பாதி காதில் விழவில்லை.

இப்போது எனக்கு மேசை வேலை, தீவின் வடகிழக்குக் கோடியில் பொங்கோலில் வீடு. சென்ற வாரம் அந்தப் பக்கம் போனேன். பூக்கடை அக்காவின் பேத்தி, பள்ளிச் சீருடையோடு, தலையைத் தோள்வரை சாய்த்து அண்டாவிலிருந்த பெயரை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தாள்.

"பாய் தாத்தா, பேரு தலைகீழா இருக்கு!"

"இல்ல கண்ணு" என்றார் பாய் உள்ளேயிருந்து. "இப்பதான் சரியா இருக்கு."