கும்மிக்குள் புகுந்த அழுகை

1. கை நின்ற இடம்

கும்மிக்குப் பாட்டுக் கட்டுகிறவனுக்குக் கைதட்டுதான் சம்பளம், கைதட்டுதான் தீர்ப்பு. கை தொடங்கும்போது எல்லாம் சேர்ந்து தொடங்கும். நிற்கும்போது ஒவ்வொன்றாக நிற்கும். அன்று முதலில் நின்றது ராக்காயியின் கை.

எங்கள் ஊர் ஆர்.எஸ்.மங்கலத்துக்குக் கிழக்கே, கண்மாய்த் தண்ணீரை நம்பி நெல் போடுகிற ஊர். ஆவணியில் அம்மனுக்கு முளைப்பாரி. சட்டிகளில் விதைத்த தானியம் இருட்டுக் கொட்டகைக்குள் முளைத்து வளரும். பெண்கள் வட்டமாகச் சுற்றி வந்து கும்மி கொட்டுவார்கள். கடைசி நாள் முளையைச் சுமந்து போய் ஊருணியில் கரைப்பார்கள். அந்தக் கடைசி நாளுக்குப் புதுப்பாட்டு வேண்டும் என்று ஊர்த் தலைவரான அம்பலம் என்னிடம் சொல்லியிருந்தார். கோயில் வாசலில் ஆர்மோனியப் பெட்டியை வைத்து நானே சொல்லிக்கொடுத்தேன்.

"பச்சை முளை ஓங்குதம்மா – நம்ம
பாரிச் சட்டி நெறையுதம்மா."

மூன்றாம் சுற்று வரும்போது ராக்காயி நின்றாள். அந்த ஊரில் கும்மிக்கு முன்கை அவள்தான். அவள் எடுத்துக் கொடுத்தால்தான் மற்றவர்கள் பாடுவார்கள். அவள் நின்றதும் அடுத்தவள் நின்றாள், அதற்கடுத்தவள் நின்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மடத்தனமாக இன்னும் இரண்டு அடி வாசித்துக்கொண்டே போனேன்.

"ஆத்தாடி! இது இழவு மெட்டாவுல்ல இருக்கு!" என்று ஒருத்தி வாயைப் பொத்தினாள்.

"முளை கருகிப் போகும்டி. கொட்டகைக்குள்ள கேட்டுரப் போகுது."

ராக்காயி முந்தானையில் இரண்டு கையையும் துடைத்துக்கொண்டு நடந்து போய்விட்டாள். போன வருடம் அவள் கும்மிக்கே வரவில்லை. இந்த வருடம்தான் கெஞ்சிக் கூட்டி வந்திருந்தார்கள். அவள் போன திசையைப் பார்த்தபடி மற்றப் பெண்களும் கலைந்தார்கள்.

2. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்

இப்போது வீட்டிலிருந்தபடியே பாட்டும் போட்டுக் கதையும் எழுதுகிற பிள்ளைகள் என்னிடம் வந்து, "ரெண்டையும் எப்படிங்கய்யா சமாளிச்சீங்க?" என்று கேட்கிறார்கள். சமாளிக்கவில்லை என்பதுதான் உண்மை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தனுஷ்கோடிக்குப் போட் மெயில் ஓடிய காலம். நான் ஆரம்பப் பள்ளி வாத்தியார் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தேன். கோயில் பாட்டு, கல்யாணப் பாட்டு, ஒயிலாட்டப் பாட்டு என்று கேட்டவர்களுக்கு மெட்டுப் போட்டுக் கொடுப்பேன். சென்னையில் ஒரு வாரப் பத்திரிகையில் என் முதல் தொடர்கதை வந்துகொண்டிருந்தது. எந்தக் கம்பெனியிலும் நான் ஆள் இல்லை, எந்த வாத்தியாருக்கும் சீடன் இல்லை. விடிந்ததும் கதை, வெயில் தாழ்ந்தால் பெட்டி. பொழுதைச் சரியாகப் பிரித்துவிட்டேன் என்று எனக்கு அப்படி ஒரு மிதப்பு.

என்னைப் பெற்ற அய்யாவுக்கு இதில் துளிகூடச் சம்மதம் இல்லை. ஆயுள் முழுக்க ஏர் பிடித்தவர்.

"ரெண்டு மாடும் ஒரு பக்கம் போனாத்தாண்டா உழவு. ஒன் மாடு ஒண்ணு கெழக்க போகுது, ஒண்ணு மேக்க போகுது. வெதப்புக்கு முன்ன ஒரு வழி சொல்லு. இல்லேன்னா வந்து மேழியப் பிடி."

ஆக, எனக்கு இருந்தது அந்த ஆவணி மாதம் ஒன்றுதான். கும்மி எடுபட்டால் சுற்று வட்டாரத்து ஊர்கள் கூப்பிடும். தொடர்கதையின் கடைசி அத்தியாயம் வேளைக்குப் போய்ச் சேர்ந்தால் அடுத்த தொடரும் தருவதாக ஆசிரியர் எழுதியிருந்தார். இரண்டும் தவறினால் மேழிதான்.

பெண்கள் கலைந்து போன அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, என் பாட்டை நானே மெதுவாக வாசித்துப் பார்த்தேன். கைதட்டு இல்லாமல், அடி முடிகிற இடத்தில் கொஞ்சம் இழுத்து. வாசித்ததும் என் கை பெட்டியிலேயே கிடந்தது.

அது ராக்காயியின் அழுகை.

இரண்டு வருடத்துக்கு முன் ஐப்பசியில், கண்மாய்க்குக் குளிக்கப் போன அவளுடைய ஒரே மகன் மூழ்கிப் போனான். அவள் களையெடுப்பிலிருந்து வந்து, பையனுக்குக் கஞ்சி ஊற்றி வைத்துவிட்டுக் காத்திருந்திருக்கிறாள். சேதிதான் வந்தது. நானும் துக்கத்துக்குப் போய் வேப்பமரத்தடியில் ஆம்பளைகளோடு நின்றேன். உள்ளேயிருந்து கேட்டது.

"மத்தியானம் ஆச்சுதப்பா – ஒன்
மண்சட்டிக் கஞ்சி ஆறுதப்பா."

மெட்டுப் போடுகிறவன் காதுக்குக் கல்யாண வீடு எது, சாவு வீடு எது என்று தெரியாது. நல்லது கேட்டால் பிடித்து வைத்துக்கொள்ளும். நான் வீட்டுக்கு வந்து, மறந்துவிடுமே என்று பெட்டியில் வாசித்து வைத்துக்கொண்டேன். பிறகு தொடர்கதையில் காய்ச்சலில் கிடக்கும் ஒரு பையனையும் அவன் தாயையும் எழுதும்போது அந்தக் கஞ்சியை எடுத்துப் போட்டேன். அந்த ஆவணியில் பையனின் சாவை எழுதிக்கொண்டிருந்தேன். காலையில் எழுதிய அழுகை சாயங்காலம் காலில் சலங்கை கட்டிக்கொண்டு கும்மியாக வந்து நின்றிருக்கிறது. எனக்கே அடையாளம் தெரியவில்லை. பெற்றவளுக்குத் தெரியாமல் போகுமா?

3. அம்பலத்தின் கெடு

பொழுது விடிவதற்குள் அம்பலம் ஆள் அனுப்பிவிட்டார்.

"ஏலே, பள்ளிக்கூடத்து வேலைய விட்டுட்டு வந்தது இழவுப் பாட்டுக் கட்டவா?" என்றார் நான் வாசலேறும் முன்பே.

"தெரியாம நடந்து போச்சுங்க."

"தெரியாம நடக்குறதுக்கு நீ என்ன தவழுற புள்ளையா? இந்தா பாரு, இன்னைக்கே வேற பாட்டு வேணும். ராக்காயி முன்னால நிக்கணும். அவ நிக்கலேன்னா ஏன் நிக்கலேன்னு ஊரு கேக்கும். முளை ஒண்ணு மஞ்சளாப் பழுத்தாலும் ஒன் தலையிலதான் விடியும். ஏலாதுன்னா சொல்லிரு. திருவாடானையில ஆள் இருக்கு."

"ஏலும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். புதுப்பாட்டைப் பழகப் பெண்களுக்கு மத்தியானத்தோடு வேலை விடுவதாக அம்பலம் சொல்லியிருந்தார். அதே மத்தியானம்தான் தபால் பை ஏற்றிக்கொண்டு ராமநாதபுரம் பஸ் போகும். அன்றைய பஸ்ஸில் கடைசி அத்தியாயம் போகவில்லை என்றால் அந்த வார இதழுக்குக் கிடைக்காது. அத்தியாயத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு ராக்காயியைத் தேடிப் போனேன்.

4. வரப்பில் வாசித்தது

அவள் வயலுக்குக் குப்பை சுமந்துகொண்டிருந்தாள். கூடையைக் கவிழ்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"வெயில்ல எதுக்கு நிக்கிறீக வாத்தியாரே?"

"பாட்ட மாத்திர்றேன்க்கா. மனசுல வச்சுக்கிறாதீக."

"பாட்டு கெடக்கட்டும். அந்த அழுகைய எங்கன இருந்து எடுத்தீக?"

பொய் சொல்ல நாக்கு எழவில்லை. "உங்க வாசல்லதான். அன்னைக்கு மரத்தடியில நின்னேன்."

"நான் அழுதேன். நீங்க பாட்டுக் கேட்டுக்கிட்டு நின்னீகளாக்கும்" என்றாள்.

இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்த வார்த்தை எனக்குச் சுடும். கதையிலும் அது இருக்கிறது என்பதை நானே சொல்லிவிட்டேன். மறைத்தால் இன்னொருவர் வாயிலிருந்து வரும் என்ற பயம்தான். அவளுக்கு எழுத்துத் தெரியாது. கை மண்ணைத் தட்டிவிட்டு வரப்பில் உட்கார்ந்தாள்.

"வாசிங்க, கேப்போம்."

பையிலிருந்த கடைசி அத்தியாயத்தை வாசித்தேன். காய்ச்சல் ஏறுகிறது. தாய் கஞ்சிச் சட்டியோடு உட்கார்ந்திருக்கிறாள். பையன் கண் மூடுகிறான்.

"செத்துப் போறானா?"

"வேண்டாம்னா சொல்லுங்கக்கா. பொழைக்க வச்சிர்றேன். ஒரு பக்கம் மாத்தி எழுதுனாப் போதும்."

அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது.

"எனக்குப் பயந்துக்கிட்டா? எம்மகன் செத்தான் வாத்தியாரே, ஊரே பாத்துச்சு. பொழைச்சான்னு எழுதுனா வந்துருவானா? செத்தவன் செத்தவனாவே இருக்கட்டும். ஆனா சாமி முன்னால அவன வச்சுக் கைதட்டுன்னு மட்டும் சொல்லாதீக. கை எந்திரிக்காது எனக்கு."

"சரிக்கா."

"இன்னொண்ணு. அந்தக் கஞ்சிய எடுத்துருங்க. அது எனக்கும் அவனுக்கும் உள்ளது."

"எடுத்துர்றேன்க்கா" என்றேன். அவள் எழுந்து கூடையை எடுத்தாள். "மத்தியானம் வாரேன். பாட்டு வேறயா இருக்கணும். திரும்ப அதே வந்துச்சு, அப்புறம் இந்த ஊர்க் கும்மிக்கே நான் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

5. பஸ் ஹாரன்

கஞ்சியை எடுப்பது ஒரு வரியை அடிக்கும் காரியம் இல்லை. கடைசிப் பக்கமே அந்தச் சட்டியின் மேல்தான் நின்றது. கோயில் வாசலில் உட்கார்ந்து எழுதினேன், கிழித்தேன், எழுதினேன். பக்கம் முடியுமுன் பெண்கள் வந்துவிட்டார்கள். ராக்காயி கடைசியாக வந்து ஓரமாக நின்றாள். வட்டத்துக்குள் வரவில்லை.

பெட்டியைத் திறந்தேன். ஒரு மெட்டை எடுத்தால் இரண்டாவது அடியில் அதே இறக்கத்துக்குப் போய் நிற்கிறது. இன்னொன்றை எடுத்தேன், அதுவும் அங்கேயே போய்ச் சேர்ந்தது. வியர்த்துக் கொட்டுகிறது. பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். ராக்காயி ஒரு அடி பின்னால் போனாள்.

கடைத்தெருப் பக்கம் பஸ் ஹாரன் கேட்டது. தபால் பை ஏற்ற நிற்கிறது. ஓடினால் பிடித்துவிடலாம். கஞ்சி இருக்கிற பழைய பக்கத்தோடு அப்படியே உறையில் போட்டு நீட்டிவிடலாம். யாருக்குத் தெரியப் போகிறது? இந்த நினைப்பு வந்ததை நான் மறைக்கவில்லை. கையில் உறையும் இருந்தது.

ராக்காயி என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உறையைப் பைக்குள் போட்டேன். பெட்டியை மூடினேன்.

"மெட்டு எங்கிட்ட இல்ல. நீங்க கையத் தட்டுங்க. தட்டுக்கு நான் வார்த்தை சொல்றேன்" என்றேன்.

ஒருத்தி சிரித்தாள். "இது நல்ல கூத்தாவுல்ல இருக்கு!" ஆனாலும் தட்டினார்கள். அவர்களுக்குப் பழகிய தட்டு, குதித்து விழுகிற தட்டு, அழுகை ஏறி உட்கார அதில் இடமே இல்லை. பஸ் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. நான் கத்திச் சொன்னேன்.

"கம்மா நெறையத் தண்ணி வேணும் – ஆத்தா
கழுத்தளவு கதிரு வேணும்."

இரண்டு சுற்று வரை ஓரத்தில் நின்று கேட்டாள் ராக்காயி. மூன்றாம் சுற்றில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே வந்தாள். அவள் கை விழுந்ததும் பாட்டு தானாக நிமிர்ந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வியர்வை போலத் துடைத்துக்கொண்டேன்.

கரைப்பு அன்று அந்தப் பாட்டு ஊருணி வரை போனது. முளை ஒன்றுகூடப் பழுக்கவில்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் இரண்டு பேர் அங்கேயே வந்து தங்கள் ஊருக்கும் கட்டித் தரக் கேட்டார்கள். அய்யா துண்டை உதறித் தோளில் போட்டபடி, "ஒரு மாடு நேராப் போகுது போல. இன்னொண்ணு எங்கடா?" என்றார். அந்த மாடு பஸ்ஸைத் தவறவிட்ட கதையை அவரிடம் சொல்லவில்லை.

6. ஆசிரியர் முடித்த கதை

பஸ்ஸைத் தவறவிட்ட மறுநாளே திருத்திய அத்தியாயத்தை அனுப்பியிருந்தேன். பதிலுக்கு இதழும் ஒரு கார்டும் வந்தன. பத்திரிகை யாருக்காகவும் காத்திருக்காது, ஆகவே தானே முடித்துவிட்டதாக ஆசிரியர் எழுதியிருந்தார். அடுத்த தொடரைப் பற்றிப் பேச்சே இல்லை. பிறகு அந்தப் பத்திரிகையில் நான் எழுதவும் இல்லை. மறுபடி ஒரு தொடர்கதை கிடைக்க வருடங்கள் ஆயின.

இதழைப் புரட்டினேன். என் பெயருக்குக் கீழே என்னுடையதல்லாத அத்தியாயம். காய்ச்சல் இறங்கிவிடுகிறது, பையன் பிழைத்துக்கொள்கிறான். முந்தைய அத்தியாயங்களில் கஞ்சி வந்ததைப் படித்திருந்த மனிதர், அதையும் விடவில்லை. பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. கிழித்துப் போடத்தான் நினைத்தேன். ஆனால் ராக்காயிக்குச் சொல்லாமல் இருக்க முடியாது. வார்த்தை கொடுத்திருந்தேன்.

அவள் வீட்டு வாசலில் உரலில் கம்பு இடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நான் கஞ்சிய எடுத்துட்டேன். ஆனா பத்திரிகைக்காரர் அவரா ஒரு முடிவு எழுதிப் போட்டாரு. அதுல கஞ்சி இருக்கு. பையனும் சாகல. எனக்கே பிடிக்கல. பொய்யி."

"வாசிங்க."

நின்றபடியே வேண்டாவெறுப்பாக வாசித்தேன். சட்டியில் கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. பையன் கண்ணைத் திறந்தான். எழுந்து உட்கார்ந்து, "பசிக்குதும்மா" என்றான். தாய் சட்டியை எடுத்து வாயில் வைத்தாள். அவன் குடித்தான்.

உலக்கை நின்றிருந்தது. திட்டப் போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"அந்தக் கடைசி எடத்த இன்னொருக்க வாசிங்க" என்றாள்.

வாசித்தேன்.

இரண்டு தொழில் செய்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல இரண்டு விஷயம் உண்டு. பொழுதைப் பிரிக்கலாம், காதைப் பிரிக்க முடியாது. ஆகவே அழுகை எழுதுகிற வாரத்தில் கும்மிக்கு மெட்டுப் போடாதீர்கள். அடுத்தது, ஒருத்தர் வாசலிலிருந்து எதையாவது எடுத்தால், எழுதி முடித்ததும் அதே வாசலுக்குப் போய் வாசித்துக் காட்டுங்கள். எந்த முடிவைக் கேட்பார்கள் என்று நமக்குத் தெரியாது. அன்று அந்தப் பொய்யான கஞ்சியை, எனக்குப் பிடிக்காத அந்த எழுத்தை, ராக்காயி போதும் என்று சொல்லும் வரை திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன்.