நகத்துக்கு ஓர் இடம்

கொளஞ்சி வலது கட்டைவிரல் நகத்தை மட்டும் வெட்டுவதில்லை. அந்த நகம்தான் அவளுக்குச் சோறு. பெட்டியைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருக்கும் லேபிளுக்கு டிரையரால் சூடு காட்டி, மூலையில் நகத்தை விடுவாள். "வந்துடும்மா, நோவாம வந்துடு" என்று குழந்தைக்குப் பிளாஸ்திரி எடுப்பதுபோல் உரிப்பாள். கிழிந்தால் பசை நிற்கும்; ஸ்பிரிட் போட்டுத் துடைக்க வேண்டும். அந்த வாடைக்கு அவளுக்குத் தலை கிறுகிறுத்துப் போகும்.

சேதராப்பட்டு கம்பெனியில் செய்கிற அந்தப் பெட்டி, கம்பியில்லாமல் கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் கொடுப்பது. எல்லா நாட்டுப் பெட்டிகளும் ஒன்றோடொன்று பேசுவதற்காக உலகத்துக்கே ஒரே விதி எழுதுகிறார்கள். அந்த விதிக்குள் தன் கண்டுபிடிப்பு இருக்கிறது, பிறர் அதைப் பயன்படுத்த அனுமதி தரமாட்டேன் என்று எங்கோ ஒரு கம்பெனி முரண்டு பிடிக்கிறது. விதி முடிவாகவில்லை. ஒவ்வொரு தடவை அதைத் திருத்தும்போதும் பழைய லேபிளை உரித்துவிட்டு, 'டிராஃப்ட்', அதாவது இன்னும் முடிவாகாதது, என்று போட்ட வேறொரு லேபிளை ஒட்டவேண்டும். அதற்கென்றே எடுத்த ஆள் கொளஞ்சி.

சூப்பர்வைசர் அருள்முருகன் விளக்கியபோது கேட்டுக்கொண்டாள்.

"பொதுக் கெணறு. பங்காளில ஒருத்தன் கையெழுத்துப் போடமாட்டன்றான். அவ்ளோதான சார்?"

"அவ்ளோதான்க்கா. இவனுங்க கோட்டு போட்ட பங்காளிங்க."

"கோட்டு போட்டவனுக்கும் தண்ணி வேணுமில்ல சார்."

சண்டை தீர்ந்தால் உரிப்பதற்கு லேபிள் இராது. ஒரே லேபிளை மெஷினே ஒட்டிவிடும்; அவள் வேலை போய்விடும். மில் மூடியதிலிருந்து அவள் கணவரும் வீட்டோடு கிடக்கிறார். தீராவிட்டாலோ பெட்டி விற்காது, லைனில் உள்ள பெண்களுக்கெல்லாம் வேலை போகும். முதலியார்பேட்டையில் கம்பெனி வேன் வருமுன் தினமும் மாரியம்மன் கோயிலில் நின்றுவிட்டுத்தான் ஏறுவாள்.

"என்னாக்கா வேண்டிக்கின?" என்பாள் பக்கத்து சீட்டு சுடர்விழி. லைனில் பெட்டிக்கு மூடி போடுகிறவள்.

"என்னாத்த கேக்கறது? தீரணும்னா என் சோறு போவுது. தீரக்கூடாதுன்னா ஒன் சோறு போவுது. சூடத்த ஏத்திட்டு கம்முனு வந்துட்டேன்."

ஒட்டும்போது மூன்று மூலைகளைத்தான் அழுத்துவாள். நாலாவது லேசாகத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

"அந்த மூல மட்டும் என்னா பாவம் பண்ணிச்சு?" என்பாள் சுடர்விழி.

"இருக்கட்டும்டி. திரும்ப உரிக்கறப்ப நகத்துக்கு ஒரு எடம் வேணுமில்ல."

போன வாரம் அருள்முருகன் லட்டு டப்பாவோடு வந்தார். "எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு. இதான் கடைசி லேபிளு. இருக்கற பெட்டிக்கெல்லாம் நல்லா அழுத்தி ஒட்டிடுங்கக்கா." கடைசி லேபிள் என்பதை அவளைப் பார்க்காமல் சொன்னார்.

"நல்லதாப் போச்சு சார். புள்ளைங்களுக்கு வேல நிக்கும்" என்றாள் கொளஞ்சி. லட்டைப் பிட்டுப் பாதியைக் கணவருக்கென்று முந்தானையில் முடிந்தாள். பிறகு பெட்டியைக் கவிழ்த்து, 'டிராஃப்ட்' இல்லாத லேபிளை வைத்து, ஒரு மூலையை அழுத்தினாள். அடுத்ததை அழுத்தினாள். அதற்கடுத்ததையும். நாலாவதன்மேல் கட்டைவிரல் சற்று நின்றது. அழுத்தாமலே பெட்டியை நகர்த்திவிட்டாள்.