கூடாரத்தை மடிக்கப்போவது நான்தானே

டிசம்பர் விடுமுறைக்குக் கனடாவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறோம். உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிப்பது என் கணவரின் கனவு. காற்று வலுத்தால் ஒன்றரை வயது மகளை எங்கே வைத்துக்கொள்வது என்பது என் கவலை.

அதற்காக இன்று மாலை இங்கே சிங்கப்பூரில், தெம்பனிஸ் வட்டாரத்தில், கனடாவிலிருந்து திரும்பிய ஒரு பாயிடம் பழைய பனிக்கூடாரம் பார்க்கப் போனோம். இரண்டு வைத்திருந்தார். கணவருக்குப் பெரியது பிடித்துவிட்டது.

"பாய், இதை நான் ஒருத்தியே விரிச்சு மடிக்க முடியுமா?"

"அதான் சார் இருக்காரே. ஆம்பளைங்க வேலை லா."

"சார் மீனைப் பாத்துட்டு இருப்பாரு. பிள்ளையோட உள்ள இருக்கப்போறது நான்."

மகளை மார்போடு கட்டும் கேரியரில் சுமந்தபடி, அவருடைய அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்திலேயே விரித்துப் பார்க்கத் தொடங்கினேன். பெரியது விரிந்தது, ஆனால் மடியவே இல்லை. பாய் கைகொடுக்க வந்தார்.

"விடுங்க பாய். ஏரிக்கு நீங்க வரப்போறதில்ல."

சிறியதை மூன்றாவது முயற்சியில் பைக்குள் அடைத்துவிட்டேன். காற்றோட்டத்துக்கு இரண்டு ஜன்னல்களும் இருந்தன. அதையே வாங்கினோம்.

"இதுல மூணு பேர் கால் நீட்ட முடியாதும்மா," என்றார் கணவர்.

"நீங்க வெளியில நீட்டிக்குங்க."

பச்சைப்பிள்ளையைப் பனிக்குத் தூக்கிப் போகலாமா என்று இந்தப் பதிவின் கீழே கேட்க வருகிறவர்கள் தாராளமாகக் கேளுங்கள். உங்கள் வீட்டில் விரித்ததையெல்லாம் யார் மடித்து வைக்கிறார் என்பதையும் மறக்காமல் எழுதிவிடுங்கள்.