பச்சை கூட்டிய படம்

போடியில் வெளியூர் வியாபாரிக்கு ஏலக்காய் விற்பவர்கள் சாம்பிள் அனுப்புவார்கள். நான் படம் அனுப்பினேன். குரங்கணிக்கு மேலே எங்கள் குடும்பத்துக்குச் சின்னத் தோட்டம் ஒன்று இருக்கிறது. காயை அங்கேயே ஸ்டோர் என்று சொல்லும் சூட்டறையில் உலர்த்தி, படம் எடுத்து எனக்கு அனுப்பிவிடுவார்கள். டவுனில் உட்கார்ந்தபடி பழைய மானிட்டரில் அந்தப் படத்தைச் சரிசெய்து வியாபாரிகளுக்குத் தள்ளிவிடுவது என் வேலை. மலையேறாமலே தோட்டம் பார்க்கிறவன் என்று அண்ணன் கிண்டல் செய்வார். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

போன வருடம் ஒரு வியாபாரி, படத்தில் இருந்த பச்சை காயில் இல்லை என்று மூட்டைகளைத் திருப்பி அனுப்பினார். அன்றைக்கு நானும் மலையேறிப் போனேன்; ஸ்டோரில் வைத்துப் பிரித்தோம். என் போனில் இருந்த படத்தோடு ஒப்பிட்டால் காய் வெளிறித்தான் இருந்தது. உலர்த்தும்போது சூடு முன்னே பின்னே ஆனால் பச்சை நிற்காது. அதனால் பழி ஸ்டோர்க்காரர் மேல் விழுந்தது. பல வருடமாக எங்கள் காயை உலர்த்தியவர். “பக்குவமாத்தான் தம்பி எடுத்தேன்” என்று ஒரு தடவை சொன்னார். இனி வேண்டாம் என்று அவரை அனுப்பியது நான்தான். போடிமெட்டு தாண்டி வேறு தோட்டத்தில் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

இந்த வருடம் மானிட்டரில் குறுக்கே கோடு விழுந்தது. புதிது வாங்கப் போனபோது, சேலையைக் கொண்டுபோய் ரவிக்கைத் துணி எடுப்பதைப் போல, ஒரு கைப்பிடி காயையும், பென்டிரைவில் நான் இன்னும் திருத்தாத அதன் படத்தையும் எடுத்துப்போனேன். கடைக்காரர் சிரித்தாலும் இரண்டு மானிட்டர்களில் படத்தைப் போட்டுக் காட்டினார்.

“இது டிஎன் பேனலுண்ணே, வெல கம்மி. தலைய ஆட்டுனா கலரும் ஆடும். அது ஐபிஎஸ். எங்கிட்டு நின்னு பாத்தாலும் ஒரே மாதிரி தெரியும்.”

ஐபிஎஸ்ஸில் இருந்த காயும் என் உள்ளங்கையில் இருந்த காயும் ஒரே பச்சை. டிஎன்னில் அதே காய் வைக்கோல் நிறத்தில் கிடந்தது. வீட்டு மானிட்டரில் எல்லாக் காயும் எனக்கு அப்படித்தான் தெரியும். அதனால்தான் ஒவ்வொரு படத்திலும் பச்சையைக் கூட்டிவிடுவேன்.

பென்டிரைவில் போன வருடப் படங்களும் இருந்தன. ஐபிஎஸ்ஸில் திறக்கச் சொன்னேன். மலையிலிருந்து வந்த படத்தில் காய் அருமையாக இருந்தது. நான் திருத்தி அனுப்பிய படத்தில், எந்தக் காயிலும் இல்லாத ஒரு பெயிண்ட் பச்சை. கடைக்காரர் ஏதோ விலை சொன்னார். பேரம் பேசாமல் வாங்கி வந்தேன். ரொம்ப வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலையில் ஸ்டோர்க்காரருக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொல்லி, தப்பு என்னுடையது, திரும்பி வந்துவிடுங்கள் அண்ணே என்றேன்.

“இங்க சோலி நல்லாத்தான் போகுது தம்பி. அங்க வந்து இனி என்ன செய்ய?” என்றார். பிறகு சாதாரணமாகச் சொன்னார்: “மூட்டையப் பிரிச்ச அன்னிக்கு, காய அள்ளி ஒங்க முன்னாடி நீட்டுனேன். நீங்க போனையே பாத்துக்கிட்டு நின்னீங்க.”

அவர் கையை நீட்டியது எனக்கு ஞாபகமே இல்லை.